சூயஸில் கப்பல் சிக்கியபோது எங்கள் தெருக் குழுவில் பேசிக்கொண்டது

(தூத்துக்குடி. 2021 மார்ச் 24 முதல் ஜூலை 7 வரை. இடையில் வந்த காலை வணக்கப் படங்களும் தடுப்பூசி முகாம் அறிவிப்புகளும் நீக்கப்பட்டுள்ளன.)

மார்ச் 24, புதன்

முருகேசன், இரவு 8.10
அனைவருக்கும் வணக்கம். எகிப்தில் சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ என்ற சரக்குக் கப்பல் நேற்றுக் காலை குறுக்காகத் திரும்பி, இரண்டு கரைகளிலும் முட்டிக்கொண்டு நிற்பதாகத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். கச்சா எண்ணெய் விலையும் ஏறிவிட்டதாம். நாளைக்கே பெட்ரோல் நூறு ரூபாயைத் தொட்டுவிடும் என்று கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். வண்டிக்கு எண்ணெய் போட வேண்டியவர்கள் இன்றிரவே போட்டுக்கொள்வது நல்லது.

பிரபாகரன், இரவு 8.22
அண்ணாச்சி, நமக்கு வரும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி ஈராக், சவூதி அரேபியா போன்ற வளைகுடா நாடுகளிலிருந்து அரபிக் கடல் வழியாக நேரே வந்துவிடுகிறது. அது சூயஸ் பக்கமே போவதில்லை. இன்று காலை பெட்ரோல் விலையில் சில காசுகள் குறைத்தும் இருக்கிறார்கள். ஏப்ரல் 6-ஆம் தேதி வாக்குப்பதிவு முடியும் வரை அது ஏறாது என்று நான் எழுதியே தருகிறேன். இதில் அடி வாங்கப்போவது நம் துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் திருப்பூர்ப் பின்னலாடைகள்தான். ஏற்கெனவே சில மாதங்களாகக் காலிக் கன்டெய்னர் கிடைக்காமல், கப்பல் கூலியும் தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் எங்கள் கிளியரிங் அலுவலகத்தில் இன்று மதியத்திலிருந்து தொலைபேசி ஓயவில்லை.

ராஜமணி சார், இரவு 8.40
உலக வணிகத்தில் ஏறக்குறைய 12 விழுக்காடு இந்த ஒரு கால்வாய் வழியாகப் போகிறது. 1869-இல் திறந்தார்கள், இன்று அதன் நீளம் 193 கிலோமீட்டர். 2015-இல் வடபகுதியில் இணையாக இன்னொரு தடம் வெட்டினார்கள். இந்தக் கப்பலோ தெற்கு வாயிலைத் தாண்டிய சில கிலோமீட்டரில், ஒற்றைத் தடம் மட்டுமே உள்ள இடத்தில் சிக்கியிருக்கிறது. வடக்கே சிக்கியிருந்தால் மற்ற கப்பல்கள் பக்கத்துத் தடத்தில் ஊர்ந்தாவது போயிருக்கும்.

ஸ்டெல்லா, இரவு 9.05
சார், என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கப்பல் நேற்று மாலை சூயஸ் வெளியில் நங்கூரம் போட்டுவிட்டது. நாளை கால்வாய்க்குள் நுழைய வேண்டியது. ஒப்பந்த காலம் முடிந்து இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகிறது. கொரோனாவைக் காரணம் காட்டி எந்தத் துறைமுகத்திலும் ஆளை இறக்க மறுக்கிறார்கள். கால்வாயைக் கடந்து ஐரோப்பாவில் இறங்கலாம் என்று நம்பிக்கொண்டிருந்தோம். இது எத்தனை நாளில் சரியாகும் என்று சேவியர் அண்ணாச்சி சொன்னால் பிள்ளைகளிடம் சொல்லிவைப்பேன்.

சேவியர் அண்ணாச்சி, இரவு 9.31
ஸ்டெல்லா, பிள்ளைகளிடம் நாள் கணக்கு எதுவும் சொல்லாதே அம்மா. கப்பலின் அணியம், அதாவது முன்முனை, கிழக்குக் கரை மணலுக்குள் ஏறியிருக்கிறது. 400 மீட்டர் நீளக் கப்பல்; அந்த இடத்தில் கால்வாயின் அகலம் அதைவிடக் குறைவு. மணலை வாரி, தண்ணீருக்கு அடியிலும் தோண்டி, ஓதம் ஏறிக் கடல்மட்டம் உயரும் நேரம் பார்த்து இழுக்க வேண்டும். நங்கூரத்தில் கிடக்கும் கப்பலுக்குச் சாப்பாடும் தண்ணீரும் இருக்கும். அந்த வகையில் கவலைப்படாதே.

மார்ச் 26, வெள்ளி

முருகேசன், காலை 10.15
[படம்] மலை போன்ற கப்பலுக்கு முன்னால் ஒரே ஒரு பொக்லைன் நின்று மண் அள்ளுவதைப் பாருங்கள். உலகமே சிரிக்கிறது.

முருகேசன், காலை 10.18
[பகிரப்பட்ட செய்தி] இந்தக் கப்பலை ஓட்டியவர் எகிப்தின் முதல் பெண் கேப்டன் மர்வா எல்செலெஹ்தார்தான் என்று செய்தித்தாளிலேயே வந்திருக்கிறது. பெண்கள் காரைப் பின்னால் எடுக்கும் கதைதான் இங்கேயும் நடந்திருக்கும் போலிருக்கிறது.

கவிதா, காலை 10.47
மாமா, இந்தச் செய்தியை அனுப்பும் முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். கப்பலில் இருக்கும் 25 பேரும் இந்தியர்கள் என்று அதை நிர்வகிக்கும் நிறுவனமே அறிவித்துவிட்டது. அந்த 25 பேருக்குள் எகிப்தியக் கேப்டன் எப்படி நுழைந்தார்? மேலும் அந்தத் தலைப்பு இருக்கும் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்துகள் வெட்டி ஒட்டியவை போலத்தான் தெரிகின்றன. கப்பல் மணலில் ஏறியதற்கு மூன்று நாட்களுக்குள் காரணம் கண்டுபிடித்து, அதை ஒரு பெண்ணின் தலையில் வைக்கவும் முடிந்திருக்கிறது என்றால், இந்த வேகத்தில் வேலை செய்யும் ஆட்களைக் கால்வாயில் மண் அள்ள அனுப்பியிருக்கலாம்.

முருகேசன், காலை 10.52
எனக்கு வந்ததை நான் அனுப்பினேன், மருமகளே. நகைச்சுவையை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரபாகரன், காலை 11.05
பெண் இல்லையென்றால் இந்தியர்கள் என்று இன்னொரு கூட்டம் ஆரம்பித்துவிட்டது. நேற்றிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் ரத்தம் கொதிக்கிறது. நம்மவர்கள் சிலரும் ‘நாட்டின் மானம் போய்விட்டது’ என்று அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள்.

சேவியர் அண்ணாச்சி, காலை 11.40
நான் சுக்கானியாக இருந்த காலத்தில் அந்தக் கால்வாயைப் பலமுறை கடந்திருக்கிறேன் என்பதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். கால்வாய்க்குள் நுழைந்ததும் எகிப்து நாட்டுப் பைலட் ஏறி, எந்தத் திசை, என்ன வேகம் என்று மாலுமி மேடையில் நின்று சொல்வார்; நாங்கள் சுக்கானைத் திருப்புவோம். இந்தக் கப்பலிலும் இரண்டு பைலட்டுகள் இருந்ததாகச் செய்தி. ஆனால் கால்வாய் விதியின்படி, பைலட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பு கேப்டனுடையதுதான். வழி சொல்பவர் ஒருவர், வழக்கைச் சுமப்பவர் வேறொருவர்.

அன்றைக்குக் காற்றும் மணல்புயலும் கடுமையாக இருந்திருக்கின்றன. 20,000 கன்டெய்னர் ஏற்றும் கப்பலில் மேலே அடுக்கியிருக்கும் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய சுவர். காற்று அதைக் கப்பற்பாயைத் தள்ளுவது போலத் தள்ளும். கப்பலைச் சுக்கானுக்குக் கட்டுப்படுத்த வேகம் கூட்ட வேண்டும். குறுகிய வாய்க்காலில் வேகம் கூடினால், கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஓடும் நீர் விரைந்து, அங்கே அழுத்தம் குறைந்து, பின்பக்கம் கரையை நோக்கி இழுபடும், அணியம் எதிர்க்கரைப் பக்கம் விலகும். இங்கே எது நடந்தது என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு இவ்வளவு கஷ்டம் கிடையாது.

கவிதா, பகல் 12.10
அந்தப் பொக்லைன் ஓட்டுநரை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. அவ்வளவு பெரிய இரும்புச் சுவர் தன் மேல் சாய்ந்துவிடுமோ என்ற பயத்தோடு அவர் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். இங்கே நாம் அவரைப் படமாக்கிப் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

மார்ச் 28, ஞாயிறு

ஸ்டெல்லா, காலை 9.20
குருத்தோலைப் பூசையில் எல்லோருக்காகவும் வேண்டிக்கொண்டேன். நேற்று வீட்டுக்காரர் பேசினார். சுற்றிலும் எந்தப் பக்கம் பார்த்தாலும் கப்பல்களாம். இரவில் விளக்குகளைப் பார்த்தால் ஒரு ஊர் போலத் தெரிகிறதாம். சில கப்பல்கள் காத்திருக்காமல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் திரும்பிவிட்டனவாம். தன் கப்பலையும் அப்படித் திருப்பிவிட்டால் வீடு திரும்புவது இன்னும் தள்ளிப்போகும் என்று பயப்படுகிறார்.

ராஜமணி சார், காலை 10.02
ஸ்டெல்லா, உன் கணவருக்குத் தெரிந்திருக்கலாம், இளையவர்களுக்காக எழுதுகிறேன். 1956-இல் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார், அதையொட்டிப் போர் வந்தது என்பதை எல்லோரும் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1967 ஜூனில் நடந்ததைத்தான் யாரும் பேசுவதில்லை. இஸ்ரேலுடன் ஆறு நாள் போர் மூண்டபோது கால்வாய்க்குள் போய்க்கொண்டிருந்த 15 கப்பல்கள் வெளியே வர முடியாமல் அடைபட்டன. அவற்றில் 14 கப்பல்கள் பெரும் கசப்பு ஏரி என்ற இடத்தில் நங்கூரம் பாய்ச்சின. கால்வாய் மறுபடி திறந்தது 1975-இல், எட்டு ஆண்டுகள். பாலைவன மணல் படிந்து மஞ்சளாகிப்போனதால் அவற்றுக்கு ‘மஞ்சள் கப்பற்படை’ என்று பெயர் வந்தது. பிரிட்டன், அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி ஒரு பக்கம், போலந்து, பல்கேரியா, செக்கோஸ்லோவாக்கியா மறுபக்கம் என்று பனிப்போரில் எதிரெதிரே நின்ற நாடுகளின் மாலுமிகள், தங்களுக்குள் சங்கம் அமைத்து, சொந்தமாக அஞ்சல்தலை தயாரித்து, 1968-இல் ஒலிம்பிக் நடந்தபோது ஏரியிலேயே விளையாட்டுப் போட்டியும் நடத்தினார்கள். ஆட்களை அவ்வப்போது மாற்றிக்கொண்டார்கள் என்பதால் ஒருவரே எட்டு ஆண்டுகள் இருக்கவில்லை. கடைசியில் தன் சொந்த எஞ்சினில் ஊர் போய்ச் சேர்ந்தவை இரண்டே இரண்டு ஜெர்மானியக் கப்பல்கள்.

முருகேசன், காலை 10.15
சார், ஸ்டெல்லாவைத் தேற்றுவதற்கு எட்டு ஆண்டுக் கதைதான் கிடைத்ததா?

சேவியர் அண்ணாச்சி, காலை 10.30
இன்று பங்குனி உத்திரம், பௌர்ணமி. இன்றும் நாளையும் ஓதம் வழக்கத்தைவிட உயரமாக ஏறும். இழுக்கிறவர்கள் இந்த நேரத்துக்குத்தான் காத்திருப்பார்கள். நாளைக்குள் அசையாவிட்டால் பெட்டிகளை இறக்கி எடையைக் குறைப்பது தவிர வேறு வழியில்லை. அந்த உயரத்துக்கு எட்டும் மிதவைக் கிரேனைக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடு.

மார்ச் 29, திங்கள்

பிரபாகரன், மாலை 6.50
கப்பல் முழுவதுமாக மிதந்துவிட்டது! பத்துக்கும் மேற்பட்ட இழுவைக் கப்பல்கள் இழுத்தனவாம். சுமார் 30,000 கன மீட்டர் மணல் தோண்டினார்களாம். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினோம். ஆனால் 400-க்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசையில் நிற்கின்றன. அவையெல்லாம் ஒரே வாரத்தில் ஐரோப்பியத் துறைமுகங்களில் குவிந்தால் அடுத்த நெரிசல் அங்கேதான்.

ஸ்டெல்லா, இரவு 7.15
கடவுளுக்கு நன்றி. பௌர்ணமிக் கணக்குச் சொன்ன அண்ணாச்சிக்கும் நன்றி.

ஏப்ரல் 5, திங்கள்

கவிதா, காலை 8.30
அந்தப் பெண் கேப்டன் செய்தி போலி என்று உறுதியாகிவிட்டது. கப்பல் சிக்கிய நேரத்தில் மர்வா சில நூறு கிலோமீட்டர் தள்ளி அலெக்சாண்டிரியாவில் வேறொரு கப்பலில் பணியில் இருந்திருக்கிறார். அவருடைய சாதனையைப் பற்றி முன்பு வந்த ஒரு நல்ல செய்தியின் தலைப்பைத் திருத்தி, யாரோ பொய்ப் படம் தயாரித்திருக்கிறார்கள். அன்று இந்தக் குழுவில் சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் பதினோரு பேர். இந்தச் செய்திக்கு எத்தனை பேர் பதில் எழுதுகிறார்கள் என்று பார்க்கிறேன்.

ராஜமணி சார், காலை 8.55
நான் ஒருவன் எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 14, புதன்

பிரபாகரன், காலை 9.40
எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். ‘எவர் கிவன்’ கப்பலைப் பெரும் கசப்பு ஏரியில் நிறுத்தி, எகிப்து நீதிமன்றத்தின் ஆணையோடு ஜப்தி செய்துவிட்டார்கள். கால்வாய் நிர்வாகம் 916 மில்லியன் டாலர் கேட்கிறது. அதில் 300 மில்லியன் நற்பெயர் கெட்டதற்காம். முதலாளி ஜப்பான் நிறுவனம், வாடகைக்கு எடுத்து ஓட்டுவது தைவான் நிறுவனம், நிர்வகிப்பது ஜெர்மன் நிறுவனம், பறப்பது பனாமா கொடி. இவர்கள் யாரும் அந்த ஏரியில் இல்லை. ஏரியில் இருப்பவர்கள் நம் ஊர் ஆட்கள் மட்டும்.

ஸ்டெல்லா, காலை 10.10
செய்தியில் எல்லோரும் டாலரைப் பேசுகிறார்கள். என் வீட்டுக்காரர் கடந்த வாரம் ஐரோப்பாவில் இறங்கிவிட்டார், விமானத்துக்குக் காத்திருக்கிறார். அந்த 25 வீட்டுப் பெண்களும் இன்று என்ன நிலையில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கப்பல் முதலாளிக்கும் அரசுக்கும் வழக்கு என்றால், மாலுமியை ஏன் அடமானப் பொருள் போல வைத்திருக்க வேண்டும்?

சேவியர் அண்ணாச்சி, காலை 10.45
கப்பலை ஆள் இல்லாமல் விட முடியாது, ஸ்டெல்லா. எஞ்சின் ஓட வேண்டும், நங்கூரத்தைக் கவனிக்க வேண்டும். மாற்று ஆள் வந்தால் அனுப்பலாம். நம் நாட்டு மாலுமிகள் சங்கமும் அதைத்தான் வலியுறுத்துகிறது. மாற்று ஆள் கிடைக்காதவனின் கதைதான் கொடுமை. அதே சூயஸ் பக்கம் ‘அமான்’ என்ற சிறிய கப்பலை 2017-இல் பிடித்து வைத்தார்கள். அதில் இருந்த சிரிய நாட்டு அதிகாரி ஒருவரை நீதிமன்றம் கப்பலின் சட்டப் பாதுகாவலராக நியமித்துவிட்டது. ஒவ்வொருவராக மற்றவர்கள் போய்விட, அவர் மட்டும் மின்சாரம் இல்லாத கப்பலில் தனியாகக் கிடக்கிறார். புயலில் கப்பல் கரைப் பக்கம் ஒதுங்கிய பிறகு, நீந்திப் போய்க் கைப்பேசிக்கு மின்னேற்றிக்கொண்டு, சாப்பாடு வாங்கிக்கொண்டு திரும்ப நீந்தி வருகிறாராம். இவரைப் பற்றி எத்தனை நகைச்சுவைப் படங்கள் உங்களுக்கு வந்தன?

ஏப்ரல் 24, சனி

கவிதா, மாலை 5.20
அண்ணாச்சி, அந்தச் சிரிய மாலுமி விடுதலையாகி ஊர் போய்விட்டார். அவருக்குப் பதிலாகப் பாதுகாவலர் பொறுப்பை ஏற்கச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் பிரதிநிதி முன்வந்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்.

ஜூலை 7, புதன்

பிரபாகரன், இரவு 8.05
இன்று உடன்பாடு கையெழுத்தாகி ‘எவர் கிவன்’ ஏரியை விட்டுப் புறப்பட்டுவிட்டது. 916-ஐ 550 மில்லியன் டாலர் வரை இறக்கியிருந்தார்கள். கடைசியில் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை இரு தரப்பும் வெளியிடவில்லை.

முருகேசன், இரவு 8.20
அந்தப் பணத்தை யார் கொடுப்பார்கள், தம்பி?

பிரபாகரன், இரவு 8.41
இழப்பீட்டைக் கப்பலுக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும், அண்ணாச்சி. கப்பலை மீட்ட செலவுக்குத்தான் வேறு கணக்கு. பொதுச் சராசரி என்று கடல் வணிகத்தில் மிகப் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கப்பலையும் சரக்கையும் சேர்த்துக் காப்பாற்ற ஆன செலவை, கப்பல் முதலாளியும் சரக்குக்கு உரியவர்கள் எல்லோரும் தத்தம் சொத்தின் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதலாளி ஏப்ரல் மாதமே அதை அறிவித்துவிட்டார். ஆகவே உத்தரவாதப் பத்திரமோ ரொக்கமோ கட்டாமல் யாரும் ராட்டர்டாமில் பெட்டியை எடுக்க முடியாது. காப்பீடு செய்தவருக்கு நிறுவனம் கட்டும். செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று காப்பீடு செய்யாமல் ஒரு பெட்டி அனுப்பிய சிறு வியாபாரி, மூன்று மாதம் தாமதமாக வரும் தன் சொந்தச் சரக்கை எடுக்கக் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும்.

முருகேசன், இரவு 8.50
சரிதான். அடுத்த வாரம் என் மைத்துனன் கொழும்புக்குக் கருவாடு அனுப்புகிறான். அவன் காப்பீடு செய்திருக்கிறானா என்று இப்போதே கேட்கிறேன்.