‘ஒருங்கல் ஆரை’ மிகையான சொல்லா?

அன்புடையீர், வணக்கம்.

வலுத்தொடர் (மாறியின் அடுக்குகளை முடிவின்றிக் கூட்டிச் செல்லும் தொடர்) எதுவரை ஒருங்கும், அதாவது அதன் கூட்டுத்தொகை எதுவரை ஒரு முடிவான எண்ணை நெருங்கும் என்பதைச் சொல்ல, கோட்டில் அது ஒருங்கும் துண்டைக் குறிக்கும் ‘ஒருங்கல் ஆயிடை’ என்ற சொல்லே போதும், மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லும் ‘ஒருங்கல் ஆரை’ மிகை என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விடுமுறைக்கால வகுப்பொன்றில் வகையீட்டுச் சமன்பாடுகளைத் தொடர்களால் தீர்க்கக் கற்பித்துக்கொண்டிருக்கிறேன். உயர்தரம்வரை தமிழில் படித்துப் பின்னர் ஆங்கிலத்துக்கு மாறிய பிள்ளைகள். சென்ற கிழமை ஒரு மாணவி, “சேர், இது நேர்கோடுதானே, வட்டமே இல்லாத இடத்தில் ஆரை எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார்.

ஒன்றை, ஒன்றும் மாறியின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து வரும் சார்பைப் பலகையில் எழுதினேன். மெய்யெண் கோட்டில் அதற்கு எங்கும் பழுதில்லை. ஆயினும் பூச்சியத்தை மையமாகக் கொண்ட அதன் தொடர், மாறிக்கு 0.9 இட்டால் ஒருங்குகிறது, 1.1 இட்டால் உறுப்புகள் பெருத்துக்கொண்டே போகின்றன. காரணம் கோட்டில் இல்லை. மெய்யெண் கோட்டைக் கிடையச்சாகக் கொண்ட சிக்கலெண் தளத்தில், பூச்சியத்துக்கு மேலும் கீழும் ஓரலகு தூரத்தில், சார்பின் பகுதி, அதாவது வகுக்கும் அந்தக் கூட்டுத்தொகை, பூச்சியமாகும் இரு புள்ளிகள் உள்ளன. அவற்றைத் தொடும் வட்டத்தின் ஆரையே அந்த 1. மையத்தை 1 இற்கு நகர்த்தினால் ஆரை 2 இன் வர்க்கமூலமாகிறது. ‘ஆயிடை’ என்று மட்டும் சொன்னால் இந்த வட்டம் கண்ணில் படாது.

மேலும், இச்சார்பைப் பெறுதியாக, அதாவது மாறும் வீதமாக, கொண்டு, பூச்சியத்தில் பூச்சியமாகும் தீர்வின் தொடருக்கும் ஆரை 1 தான். ஆனால் சார்பின் தொடர் 1, -1 ஆகிய இரு முனைகளிலும் ஒருங்காது; தீர்வின் தொடரோ இரண்டிலும் ஒருங்கும், 1 இல் அதன் பெறுமானம் பையின் (π) காற்பங்கு. ஆரை ஒன்றாயிருக்க ஆயிடை வேறுபடுவதால் இரு சொற்களும் வேண்டும்.

‘ஒருங்கல்’ என்பதற்குப் பதிலாகக் ‘குவிதல்’ என்றால், குவிவு வில்லையைப் படித்த பிள்ளை தடுமாறும். ‘வலுத்தொடர்’ என்பதையும் தமிழகத்தார்போல் ‘அடுக்குத்தொடர்’ என மாற்றலாம் என்கிறீர்கள். இலக்கண வகுப்பில் ‘பாம்பு, பாம்பு’ என்று படித்தவர்களுக்கு அது வேறு நினைவையே தரும். ‘ஒருங்கலாரை’ என்று சேர்த்தெழுதுவதா, பிரித்தெழுதுவதா என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை.