பெங்களூரு டென்னிஸ்: 2008-இல் கைநழுவியது குண்டுவெடிப்பாலா, லைசென்ஸாலா?

அல்சூர்வாலா:
2008 மார்ச்சில் இங்கே செரீனா அரையிறுதியில் வீனஸை, இறுதியில் ஷ்னைடரை ஜெயிச்சு கோப்பையைத் தூக்கினாங்க. அதே வருஷம் ஆண்களுக்கான உலகச் சுற்றான ஏடிபி போட்டியும் வரவேண்டியது. ஜூலையில் இங்கே நடந்த குண்டுவெடிப்புக்கு அப்புறம் பாதுகாப்புன்னு சொல்லி ரத்து. அந்த ஒரு முடிவுதான் ஊரைக் கெடுத்துச்சு. இப்போ கப்பன் பார்க்கில் அதுக்குக் கீழ்நிலைப் போட்டியான சேலஞ்சரை வச்சுக்கிட்டுத் திருப்திப்படணுமா?

ரெண்டாவது_சர்வ்:
குண்டுவெடிப்பு கடைசித் தள்ளு, அவ்வளவுதான். அந்தப் போட்டி 2004 வரை ஷாங்காய், 2005-இல் ஹோ சி மின் நகரம், 2006, 2007-இல் மும்பை (துர்சுனோவ், கஸ்கே ஜெயிச்சாங்க), அப்புறம்தான் நமக்கு. போட்டி நடத்தற லைசென்ஸ் ஊர் கையில் கிடையாது. பணமும் ஸ்பான்சரும் எங்கேயோ, போட்டியும் அங்கே. இன்னொரு ஏடிபி போட்டி 1996-இல் டெல்லியில் தொடங்கி 97-இல் சென்னைக்குப் போச்சு, 2018-இல் புனேக்கு. சென்னையில் குண்டா வெடிச்சது? பெண்கள் போட்டியும் ஹைதராபாத்திலிருந்து 2006-இல் இங்கே வந்ததுதானே. வந்தப்போ நாம யாரும் வருத்தப்படலை :)

அல்சூர்வாலா:
சரி, ஆனா சென்னை 21 வருஷம் நின்னுச்சே? வாவ்ரிங்கா 4 தடவை ஜெயிச்சார்.

ரெண்டாவது_சர்வ்:
அது காலண்டர் செய்த வேலை. ஜனவரி முதல் வாரம், ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு முன்னால் கை சூடாக்க ஆள் வருவாங்க. நமக்குக் கிடைச்சிருந்தது அமெரிக்க ஓப்பன் முடிஞ்சு எல்லோரும் களைச்சிருக்கிற சமயம். சேலஞ்சர் சில வருஷம் நடந்த பிப்ரவரியிலோ ரோட்டர்டாம், புவனோஸ் அயர்ஸ்னு ஏடிபி போட்டிகளோட இழுப்பு.

பேஸ்லைன்_பாலு:
நடுவில் ஒண்ணு. சென்னை மாதிரி ஏடிபி 250 நிலைப் போட்டியில் ஒற்றையரில் ஆடறது 28 பேர், தரவரிசை பார்க்காம அமைப்பாளர் தர்ற இடம் (வைல்ட் கார்டு) 3. நம்ம ஆட்களில் பலருக்குத் தரவரிசை எட்டாது. சென்னையில் ஒரு இந்தியரும் ஒற்றையர் பட்டம் எடுக்கலை; 2009-இல் வைல்ட் கார்டில் வந்த சோம்தேவ் இறுதியில் சிலிச்சிடம் தோத்தார். ஆனா பெங்களூரு சேலஞ்சரில் 2017-இல் நாகல், 2018-இல் பிரஜ்னேஷ்னு நம்ம ஆட்களே ஜெயிச்சாங்க.

அல்சூர்வாலா:
இரட்டையரை மறந்துட்டீங்க பாலு. பயஸ்–பூபதி சென்னையில் எத்தனை தடவை!

பேஸ்லைன்_பாலு:
ஒத்துக்கறேன். இன்னொண்ணு, ஊர் சுமார் 920 மீட்டர் உயரம். உயரமான இடத்துக்கான தனிப் பந்துக்கு 1,219 மீட்டர் தாண்டணும், அதனால் இங்கே சாதாரணப் பந்துதான். காத்து லேசா இருக்கிறதால் சென்னையை விட பந்து பறக்கும், மேல்சுழல் (டாப்ஸ்பின்) கொடுத்து அடிச்சாலும் அவ்வளவா இறங்காது. ராக்கெட் நரம்பை ஒண்ணு ரெண்டு பவுண்டு இறுக்காதவங்க பந்து கடைசிக் கோடான பேஸ்லைன் தாண்டித்தான் விழும்.

ரெண்டாவது_சர்வ்:
அப்போ பெரிய சர்வ் போடறவங்களுக்குக் கொண்டாட்டம். ஸ்பான்சருக்கு முதல்ல இதைச் சொல்லுங்க!

அல்சூர்வாலா:
ஜனவரி முதல் வாரத்தை வாங்கிட்டு வாங்க, நானே போய்ச் சொல்றேன்.