குற்றக் கடுமைக் கருத்துக்கணிப்பு: எல்லாமே 9, 10-இல் குவிந்தால் என்ன செய்வது?

கேள்வி

குற்றவியல் முதுகலை ஆய்வுக்கான கருத்துக்கணிப்பு இது. செல்போன் பறிப்பு, சீட்டு மோசடி, வரதட்சணைக் கொடுமை, போதையில் வண்டி ஓட்டி உயிரிழப்பு, கொலை என மொத்தம் 20 குற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். சோதனைச் சுற்றில் பாதிக்கு மேல் 9, 10-இல் போய் நின்றுவிட்டன. அளவுகோலை மாற்றுவதா, கேள்வியை மாற்றுவதா? மக்கள் தரும் வரிசையைச் சட்டத்தின் அதிகபட்சத் தண்டனையோடு ஒப்பிடலாமா?

பதில் 1

10 என்ற கூரைதான் சிக்கல். வழிப்பறிக்கு 9 கொடுத்தவருக்குக் கொலைக்குக் கொடுக்க 10-ஐ விட்டால் எதுவும் மிச்சமில்லை. 1964-இல் குற்றவியலாளர்கள் செல்லினும் வொல்ஃப்காங்கும் இந்தக் கூரையை எடுத்தார்கள். 1977-இல் அமெரிக்காவில் சுமார் 60,000 பேரிடம் 204 சம்பவங்களைப் பற்றிக் கேட்டதும் அதே முறையில்தான். தெருவில் நிறுத்திய சைக்கிளைத் திருடுவது 10. அதைப்போல் இரு மடங்கு கடுமை என்றால் 20. குற்றமே இல்லை என்றால் 0. மேலே எல்லை கிடையாது. பிறகு பதில்களை வேறோர் அளவுக்கு மாற்றிக் கணக்கிட்டார்கள் (அதில் சைக்கிள் திருட்டு 10 அல்ல); அந்த மதிப்பில் குண்டு வைத்து 20 பேரைக் கொன்றது 72.1, பள்ளிக்கு மட்டம் போட்டது 0.2.

சராசரிக்குப் பெருக்குச் சராசரியை எடுங்கள், அதாவது எண்களின் மடக்கைகளை (log) சராசரியாக்கி மறுபடி எண்ணாக மாற்றுவது. கூட்டுச் சராசரி எடுத்தால், ஒருவர் 1,00,000 என்று எழுதினாலே மொத்தமும் சாய்ந்துவிடும். பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது; அந்தப் பதில்களைத் தனியே எண்ணி, ‘குற்றமில்லை என்றோர்’ எத்தனை சதவீதம் என்று காட்டுங்கள்.

மடங்கில் யோசிப்பது பலருக்குப் பழக்கமில்லை. முதலில் மூன்று கோடுகளை வரைந்து நீளத்துக்கு எண் கொடுக்கச் சொல்லுங்கள். அதில் தடுமாறுபவருக்கு மறுபடி விளக்காமல் குற்றங்களுக்குப் போகக் கூடாது.

பதில் 2

எண்ணே வேண்டாம் என்றால் இரண்டிரண்டாக வைத்து ‘எது மோசம்?’ என்று கேட்கலாம். உளவியலாளர் தர்ஸ்டன் 1927-இல் 19 குற்றங்களை இப்படித்தான் வரிசைப்படுத்தினார். ஆனால் 20 குற்றங்களுக்கு 190 ஜோடி வரும், யாரும் பொறுமையாக முடிக்க மாட்டார்கள். 8 எடுத்தால் 28 ஜோடி, தாங்கும்.

அளவுகோலை விடக் கேள்வியின் வாசகம்தான் எனக்குக் கவலை. ‘சீட்டு மோசடி’ என்று மட்டும் எழுதினால் ஒருவர் 5,000 ரூபாயை நினைப்பார், இன்னொருவர் ஊரே ஏமாந்ததை நினைப்பார். தொகை, காயம், ஏமாந்தவர் யார், வேண்டுமென்றே செய்ததா, எல்லாம் வாக்கியத்தில் இருக்கட்டும். இரண்டு வடிவங்களை ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குற்றங்களின் வரிசையை ஆளுக்கு ஆள் கலைத்துக் கொடுங்கள். கொலைக்கு அடுத்து வரும் திருட்டு எப்போதும் சின்னதாகவே தெரியும்.

‘எவ்வளவு தவறு’, ‘எவ்வளவு பாதிப்பு’ என இரண்டாகக் கேட்பதும் நல்லது. குற்றவியலாளர் மார்க் வார் 1989-இல் பிரித்துக் கேட்டபோது, சொத்துக் குற்றங்களைப் பாதிப்பை விடத் தவறு அதிகம் என்று பலர் மதிப்பிட்டது தெரிந்தது. ஒரே மதிப்பெண்ணில் இது மறைந்துவிடும்.

பதில் 3

அதிகபட்சத் தண்டனையோடு ஒப்பிடுவதில் கவனம் தேவை. அது அந்தக் குற்றத்தின் மிக மோசமான வடிவத்துக்கான உச்சவரம்பு. உங்கள் பட்டியலையே இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பாருங்கள். பறிப்பு (பிரிவு 304) 3 ஆண்டு; கணவர் வீட்டுக் கொடுமை (பிரிவு 85) அதுவும் 3 ஆண்டு. ஏமாற்றிப் பொருளைப் பெறுவது, 318(4), 7 ஆண்டு. போதையில் ஓட்டி ஒருவர் இறந்தால் 106(1)-இல் 5 ஆண்டு. மரணம் நேரலாம் என்று அறிந்தே ஓட்டியதாக 105-இல் வழக்குப் போட்டால் 10 ஆண்டு வரை போகலாம். ஒரே சம்பவம், இரண்டு எண். எந்தப் பிரிவோடு ஒப்பிடுகிறீர்கள் என்று எழுதாவிட்டால் அட்டவணைக்குப் பொருளே இல்லை.

ஜாமீனில் விடத்தக்கதா என்பதையும் கடுமைக்கு அளவாக எடுக்காதீர்கள். 3 ஆண்டுக்கான பறிப்பு ஜாமீனில் விடத்தகாதது. 5 ஆண்டுக்கான 106(1) விடத்தக்கது.

கனடாவின் குற்றக் கடுமைக் குறியீடு (2006-இன் அளவை 100 ஆகக் கொள்வது) நீதிமன்றங்கள் உண்மையில் விதித்த தண்டனையிலிருந்து எடை போடுகிறது. தீர்ப்புத் தரவு கிடைத்தால் அந்த வழியே நேர்மையானது. கிடைக்காவிட்டால் ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு வரிசையை மட்டும் ஸ்பியர்மன் தொடர்புக் கெழுவால் (இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) ஒப்பிடுங்கள். சம தண்டனை உள்ளவற்றுக்கு, அவை பிடிக்கும் இடங்களின் சராசரியைத் தரவரிசை எண்ணாகக் கொடுக்க மறக்காதீர்கள்.