ஓடி ஒளிய விடாத நிஞ்சா: டென்ச்சு கடைசிப் பாகத்தில் நான் ஏமாந்த கதை

கூரைப்பூனை:

டென்ச்சு என்பது நிஞ்சாவாகப் பதுங்கிப் பதுங்கி ஆடும் ஜப்பானிய வீடியோ கேம். 1998-இல் வெளிவந்த அதன் முதல் பாகம் எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தது 2000-இல். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு பிளேஸ்டேஷனும் பிளாஸ்டிக் உறையில் ஏழெட்டு சிடிக்களும் கொண்டுவந்தார். எல்லாம் காப்பி சிடிதான், மறைக்க என்ன இருக்கிறது. கார் பந்தயத்துக்கும் குத்துச்சண்டைக்கும் தம்பியும் நானும் அடித்துக்கொண்டோம். மேலே மார்க்கர் பேனாவால் "நிஞ்சா" என்று மட்டும் எழுதியிருந்த சிடியை ஒரு மாதம் யாருமே தொடவில்லை. அப்புறம் தம்பிக்கு அம்மை போட்டு, அவன் வேப்பிலைக்கு நடுவில் தனி அறையில் படுத்துக்கிடந்தான். தனி ஆளாக ஆட என்ன இருக்கிறது என்று தேடியபோதுதான் அதைப் போட்டேன்.

முதல் வேலை, எச்சிகோயா என்ற ஊழல் வியாபாரியை அவன் வீட்டுக்குள்ளேயே போய்த் தீர்ப்பது. நாம் ஆட இரண்டு நிஞ்சாக்கள். ரிகிமாருவை எடுக்கலாம், ஒற்றை வாள். அயாமேயை எடுக்கலாம், இரண்டு குட்டை வாள். நான் ரிகிமாருவோடு உள்ளே போய், ஒரு கூரைமேல் உட்கார்ந்து, கீழே நடக்கும் காவலாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா அந்தப் பக்கம் வந்தவர், "படம் நின்னுபோச்சாடா?" என்றார்.

"இல்லம்மா, இவன் திரும்புறதுக்காகக் காத்திருக்கேன்."

அதுதான் ஆட்டம். அந்தக் காலத்து மெஷினால் தூரத்தில் இருப்பதை வரைய முடியாது, கொஞ்சம் தள்ளினாலே கன்னங்கரேலென்று இருட்டு. அந்தக் குறையை இரவாக மாற்றிவிட்டார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஆனால் திரையின் கீழே ஓர் எண் இருக்கும். பக்கத்தில் ஆள் இருந்தால் கேள்விக்குறியோடு எண் ஏறும், தள்ளிப்போனால் இறங்கும், பார்த்துவிட்டால் ஆச்சரியக்குறி. அந்த எண்தான் நமக்குக் காது. கண்ணை மூடிக்கொண்டு பெரிய வீட்டின் இருட்டுக் கூடத்தில் நடப்பது மாதிரி இருக்கும்.

எங்கள் அப்பத்தாவுக்குப் பிடித்தது விஷம் வைத்த சோற்று உருண்டை. காவலாளி வரும் வழியில் உருட்டிவிட்டால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அங்கேயே நெளிவான். "தரையில கிடக்கிறத எடுத்துத் திங்கிறானே, இவனையா காவலுக்கு வச்சிருக்காங்க?" என்பார் ஒவ்வொரு முறையும்.

ஆனால் நான் சொல்ல வந்தது மாட்டிக்கொள்வதைப் பற்றி. டென்ச்சுவில் மாட்டிக்கொண்டால் ஆட்டம் முடியாது. ஓடலாம். சந்து திரும்பி, கொக்கிக் கயிற்றை மேலே வீசி, ஓட்டின்மேல் ஏறிப் பதுங்கினால், கீழே அவன் கொஞ்ச நேரம் தேடுவான், பிறகு மறந்துவிட்டுத் தன் ரோந்துக்குத் திரும்பிவிடுவான். நிஜத்தில் எந்தக் காவலாளியும் அப்படி மறக்கமாட்டான் என்பது எனக்கும் தெரியும். மதிப்பெண்ணும் போய்விடும், 'கிராண்ட் மாஸ்டர்' பட்டம் கிடைக்காது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் மறுநாள் சொல்ல எனக்குக் கதை கிடைத்ததெல்லாம் மாட்டிக்கொண்ட இரவுகளில்தான். ஒருமுறை நாய் குரைத்து, இரண்டு பேர் துரத்தி, ஒருவனை உதறிவிட்டு இன்னொருவனின் தலைக்கு மேலேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கிராண்ட் மாஸ்டர் வாங்கிய ஒரு ஆட்டமும் எனக்கு இன்று ஞாபகம் இல்லை.

சரி, சோகத்துக்கு வருகிறேன்.

முதல் இரண்டு பாகங்களையும் செய்தது அக்வயர் என்ற நிறுவனம். 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பிணத்தை இழுத்து மறைக்கலாம், நாமே இடம் அமைத்து விளையாடலாம். தத்சுமாரு என்ற அண்ணன் ஸ்தானத்து நிஞ்சாவின் கதை இன்றைக்கும் என்னைக் கலக்கும். 2003-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு (பிஎஸ்2) வந்த மூன்றாம் பாகத்தைச் செய்தது கே2 என்ற வேறு நிறுவனம். அதற்கும் பின் வேறு சிலவும் வந்தன. 2008-இல் நின்டெண்டோவின் வீ கருவிக்கும் அடுத்த வருடம் கையடக்க பிஎஸ்பிக்கும் வந்தது ஷாடோ அசாசின்ஸ். இது பழைய அக்வயர் கைக்கே திரும்பியது. ஜப்பானில் அதன் பெயரே டென்ச்சு 4. பெற்ற தாய் திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வாழ்க்கையில் முழு விலை கொடுத்து நான் வாங்கிய முதல் ஒரிஜினல் டென்ச்சு அதுதான். டென்ச்சு என்ற சொல்லுக்கே வானம் கொடுக்கும் தண்டனை என்று பொருள். காப்பி சிடி ஆடியதற்குச் சரியாகத்தான் கொடுத்தது.

முதல் பத்து நிமிடம் கண் நிறைந்துபோயிற்று. ஒரு மறைவிலிருந்து இன்னொரு மறைவுக்குக் காற்று மாதிரி பாய்கிறான். மனக்கண் என்று ஒரு பார்வை, அதில் காவலாளியின் பார்வை எவ்வளவு தூரம் விழுகிறது என்றே காட்டிவிடுகிறது. பிறகு எதிரே ஒரு கூரை தெரிந்தது. வழக்கம்போல ஏறலாம் என்று போனேன். ஏற முடியவில்லை. எங்கே ஏற வேண்டும், எங்கே தாவ வேண்டும் என்பதை ஆட்டமே குறித்து வைத்திருக்கிறது. நினைத்த இடத்தில் குதிக்கக்கூட முடியாது. பக்கத்துத் தெருப் பையன் ஏறும் சுவரில் ரிகிமாரு ஏறமாட்டானாம்!

சரி, மாட்டிக்கொண்டாவது பார்ப்போம் என்று ஒருவன் முன்னால் போய் நின்றேன். கையில் வாள் இல்லை (வாளை வழியில் எங்காவது கண்டெடுக்க வேண்டும், அதுவும் உடைந்துபோகும்). திரை மங்கியது. அந்தப் பகுதியின் தொடக்கத்தில் நிற்கிறேன். ஓட்டம் இல்லை, சந்து இல்லை, ஓட்டின்மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பி என்கிறது, தப்புக் கணக்குப் போட்ட பையனைப் பெஞ்சுமேல் ஏற்றும் வாத்தியார் மாதிரி.

வாள் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. ஆட்டம் தன் பார்வைக் கோணத்தை மாற்றிக்கொண்டு நேருக்கு நேர் ஒரு வாட்சண்டைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். அவன் வெட்டும் திசையைக் காட்டும், நாம் தடுக்க வேண்டும். நிஞ்சாவாக உள்ளே போனவனை நடுவில் பிடித்து வேறொரு ஆட்டத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

மூன்று நாளில் முடித்துவிட்டேன். முடித்த பிறகு தம்பிக்கு போன் போட்டேன். "எப்படிடா இருந்துச்சு?" என்றான். சொல்வதற்கு ஒரு கதைகூட இல்லை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு, அதற்கென்று ஒரு சாவி. விளக்கை அணைக்க மூங்கில் குழாய்த் தண்ணீர், பொருளை இழுக்கத் தூண்டில், உளவு பார்க்க ஒரு பூனை. நான் திறந்த விதமாகத்தான் அவனும் திறந்திருப்பான்.

உங்களுக்கு இப்படி உயிருக்குயிரான ஆட்டத்தின் அடுத்த பாகம் கைவிட்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நிஞ்சாதான் வேண்டும் என்றில்லை, இருந்தால் சந்தோஷம்.

மதில்மேல்:

அண்ணே, நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. ஷாடோ அசாசின்ஸை நான் பிஎஸ்பியில் ஆடியது காலேஜ் பஸ்ஸில். ஏறினால் நாற்பது நிமிடப் பயணம். ஒரு சின்னப் பகுதி, ஒரு புதிர், முடிந்தது, இறங்கிவிடலாம். முதல் டென்ச்சு மாதிரி அரைமணி கூரையில் உட்கார்ந்தால் என் ஸ்டாப் போய்விடும். பூனையை விட்டு வேவு பார்ப்பது எனக்குப் பிடித்தே இருந்தது. உங்களுக்குப் பூனை என்று பெயர் வைத்துக்கொண்டு அதைக் குறை சொல்வது நியாயமா?

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். நான் முதலில் ஆடியது பழைய டென்ச்சு இல்லை. ஆடியிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து திட்டியிருப்பேன். அப்புறம் அந்த வாட்சண்டை. வீயில் ரிமோட்டையே வாளாகப் பிடித்து, திரையில் காட்டும் கோணத்தில் நிறுத்த வேண்டும். மாமா பையன் வீட்டில் ஒரே ஒரு நாள் ஆடினேன். நான் நேராகப் பிடித்தேன், அது சாய்வாகப் பிடித்தேன் என்றது. அன்றோடு கும்பிடு.

நாற்றமடிக்கும்நிஞ்சா:

என்னை ஏமாற்றியது டென்ச்சு இசட். எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 2006-இல் ஜப்பானில் வந்தது, மற்ற நாடுகளில் 2007. ரிகிமாருவும் அயாமேவும் கதையில் உண்டு, ஆனால் நாம் அவர்களாக ஆட முடியாது. நாமே ஒரு நிஞ்சாவை உருவாக்கிக்கொள்ள வேண்டும். முகம், உடை எல்லாம் நம் இஷ்டம். நான் இரண்டு மணி நேரம் செலவழித்து மூக்கு செய்தேன், முகமூடி போட்டதும் மூக்கு மறைந்துவிட்டது.

ஐம்பது வேலைகள் என்று பார்த்ததும் வாயைப் பிளந்தேன். போகப்போகத்தான் தெரிந்தது, இடங்கள் கொஞ்சம்தான். அதே மாளிகை, அதே கொல்லை, இந்த முறை வேறு வாசல், வேறு ஆள். நான்காவது முறை போனபோது எந்தத் திருப்பத்தில் எவன் நிற்பான் என்று காவல் தலைவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கூரைப்பூனை சொன்னதற்கு ஒரு திருத்தம்: இசட்டில் ஓடி ஒளிய முடியும். அதைப் பிடுங்கவில்லை. இன்னொன்றும் சேர்த்தார்கள், அதுதான் என் பெயர்க் காரணம். ஒருவனை வெட்டினால் ரத்தம் மேலே தெறிக்கும், அந்த வாடையை வைத்தே மற்றவன் கண்டுபிடிப்பான். தண்ணீரில் இறங்கிக் கழுவிக்கொண்டுதான் அடுத்த ஆளிடம் போக வேண்டும். கொலை செய்துவிட்டுக் குளத்தங்கரைக்கு ஓடும் நிஞ்சாவை வேறெங்கும் பார்த்ததில்லை. இவ்வளவு நல்ல யோசனையை அத்தனை அலுப்பான வேலைகளுக்குள் புதைத்துவிட்டார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

கூரைப்பூனை:

மதில்மேல் தம்பி, பூனையைக் குறை சொல்லவில்லை, பூனைக்கு இருக்கும் சுதந்திரத்தை ரிகிமாருவுக்குக் கொடுத்திருக்கலாமே என்றுதான். பஸ் விஷயம் நியாயம், அதை நான் யோசிக்கவே இல்லை.

நாற்றமடிக்கும்நிஞ்சா, இசட்டை நான் ஆடியதில்லை, அந்த எக்ஸ்பாக்ஸ் என் சம்பளத்துக்கு எட்டவில்லை. குளத்தங்கரைக்காகவே இப்போது ஆசை வருகிறது.

ஒற்றைக்கை:

நான் இந்தக் கூட்டத்தில் சின்னவன். டென்ச்சு பெயரே செகிரோ என்ற ஆட்டத்தின் வழியாகத்தான் தெரியும். 2019-இல் வந்த செகிரோவை முதலில் டென்ச்சுவாகத்தான் யோசிக்கத் தொடங்கினார்கள் என்று அதன் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகியே சொல்லியிருக்கிறார். டென்ச்சு உரிமை செகிரோவைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. யோசிக்க யோசிக்க வேறு ஆட்டமாகப் போய்விட்டதாம்.

கூரைப்பூனை அண்ணன் எழுதியதைப் படித்தபோது செகிரோவின் கூரைகள்தான் ஞாபகம் வந்தன. கையிலேயே கொக்கி. ஆறு பேர் துரத்தினால் மேலே போய் உட்கார்ந்துகொள்ளலாம், கொஞ்ச நேரத்தில் அவர்கள் கலைந்து அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள். என் நண்பர்கள் எல்லாம் அதை 'மொக்கை ஏஐ' என்று கிண்டல் செய்வார்கள். அது பரம்பரைச் சொத்து என்று இப்போதுதான் புரிகிறது. 'பாஸ்' என்று சொல்லும் பெரிய எதிரிகளோடு சண்டை வந்தால் மட்டும் கூரை உதவாது. அங்கே நான் செத்த கணக்கை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

பழையகள்:

ஷாடோ அசாசின்ஸில் ஏமாந்தவர்கள் ஷினோபிடோ என்ற ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். அதே அக்வயர், பிஎஸ்2, ஜப்பானில் 2005. மூன்று பிரபுக்கள், யாருக்கு வேலை செய்வது என்பது நம் விருப்பம். ஒருவனுக்கு உதவினால் மற்றவன் முறைப்பான். வீட்டுத் தோட்டத்தைக் காவல் காக்க வேண்டும், மருந்தை நாமே கலக்க வேண்டும். கொக்கிக் கயிறும் உண்டு. கரடுமுரடான ஆட்டம்தான், கேமரா பல நேரம் சுவரைப் பார்க்கும். ஆனால் மாட்டிக்கொண்டால் ஓடலாம். டென்ச்சு என்ற பெயர் வேறிடத்தில் இருந்த வருடங்களில் டென்ச்சு இங்கேதான் குடியிருந்தது என்பேன்.

கூரைப்பூனை:

பழையகள் ஐயா, நன்றி. தேடி எடுத்துவிட்டேன், இன்னும் போடவில்லை.

காரணம், போன வாரம் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். பரணிலிருந்த பழைய பிளேஸ்டேஷனை இறக்கினோம். சிடி கீறல் விழுந்து இரண்டு முறை மக்கர் செய்தது, மூன்றாவது முறை ஓடியது. தம்பி மகனுக்கு ஒன்பது வயது. படம் ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே எச்சிகோயா வீட்டுக்குள் போனான். கால் மணி நேரத்துக்குள் மாட்டிக்கொண்டான். கையைக் காலை உதறிக்கொண்டு ஓடினான், தவறுதலாக எதையோ அழுத்தியதில் கொக்கி மேலே பாய்ந்தது, ஆள் கூரைமேல். அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்தான். கீழே எண் இறங்கிக்கொண்டே வந்தது.

"பெரியப்பா, அவன் என்னை மறந்துட்டானா?"

"மறந்துட்டான். மெதுவா இறங்கு."