நகோயாவில் ஓராண்டு: நான்கு மாதத்தில் எவ்வளவு ஜப்பானிய மொழி கற்க முடியும்?

கேள்வி: நொய்யல்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். எங்களோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்துகொண்ட ஆலை நகோயாவுக்கு அருகில் உள்ளது. ஏப்ரல் முதல் ஓராண்டு அங்கே பணிபுரியச் சொல்லியிருக்கிறார்கள். புறப்பட இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. அங்குள்ள மேலாளர்கள் ஆங்கிலம் பேசுவார்கள் என்றாலும், நான் நாள் முழுவதும் நிற்கப்போவது இயந்திரங்களுக்குப் பக்கத்தில், ஜப்பானிய மொழி மட்டுமே அறிந்த தொழிலாளர்களோடு.

வார இறுதி வகுப்பில் சேர்ந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. பாடநூல் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலத்தில் நினைத்து, பிறகு அதைத் தலைகீழாகப் புரட்டிப்போட வேண்டியிருக்கிறது. இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் களைத்துவிடுகிறேன். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில் பொதுப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்தவை மட்டும் 2136 என்று ஆசிரியர் சொன்ன நாளிலிருந்து இருந்த ஊக்கமும் குறைந்துவிட்டது. இருக்கும் காலத்தில் எதைப் படிப்பது, எதை விடுவது?

மறுமொழி: மாம்பலத்துக்காரி

நான் ஐந்தாண்டுகள் தோக்கியோவில் பணிபுரிந்து திரும்பியவள். உங்கள் களைப்புக்குக் காரணம் மொழியன்று, நீங்கள் சுற்றிப்போகும் வழி. ஆங்கிலத்தை நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘நகோயா நி இகிமாஸ்’ என்பதில் ‘நி’ இருக்குமிடத்தில் நம்முடைய ‘கு’ வேற்றுமை உருபை வைத்தால் ‘நகோயாவுக்குப் போகிறேன்’ என்று சொல் வரிசை மாறாமல் அப்படியே வந்துவிடுகிறது. ‘கரா’ என்றால் ‘இருந்து’. வினை கடைசியில்தான் வரும். அதன் பின்னால் ‘கா’ சேர்த்தால் நம் ‘ஆ’ போலக் கேள்வியாகிவிடும்: ‘இகிமாஸ் கா’, போகிறீர்களா.

இன்னும் உள்ளே போனால் நமக்கு வேலை மேலும் எளிதாகிறது. ‘தபேதே மிமாஸ்’ என்பதை ஆங்கில வழியில் கற்பவர்கள் ‘முயற்சி செய்தல்’ என்ற தனி இலக்கணமாக மனப்பாடம் செய்கிறார்கள். ‘மிரு’ என்றால் பார்ப்பது என்று தெரிந்துகொண்ட தமிழருக்கோ அது ‘சாப்பிட்டுப் பார்க்கிறேன்’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. ‘வாங்கி வைக்கிறேன்’ என்பதற்கும் அங்கே ‘வை’ என்று பொருள்படும் துணைவினையே வருகிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்லும் ‘இத்தே கிமாஸ்’ சொல்லுக்குச் சொல் ‘போய் வருகிறேன்’. உள்ளே இருப்பவர் சொல்லும் ‘இத்தே ரஷ்ஷாய்’ நம் ‘போய் வாருங்கள்’. அதை முதன்முதலாகக் கேட்ட காலையில் என் பாட்டி வீட்டு வாசல்தான் நினைவுக்கு வந்தது. சுசுமு ஓனோ என்ற அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டென்று வாதிட்டதையும், பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்காததையும் நான் அறிவேன். உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமைப்பு ஒத்துப்போவது நமக்கு லாபம்.

எழுத்தைப் பொறுத்தவரை, ஒலியைக் குறிக்கும் எழுத்துகள் ஹிராகனாவில் 46, கத்தகானாவில் 46. இரண்டையும் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். ஓராண்டுக்குப் போகிறவர் 2136 கான்ஜியைப் பற்றிக் கவலைப்படுவது வீண். ஆலைச் சுவரிலும் இயந்திரத்தின் மேலும் எழுதியிருக்கும் ‘ஆபத்து’, ‘தடை’, ‘கவனம்’, ‘அவசர வழி’ ஆகியவற்றையும் குறைபாடு, தரம், ஆய்வு போன்ற உங்கள் துறைச் சொற்களையும் பார்த்தவுடன் அடையாளம் கண்டால் போதும். கைசன் (தொடர் மேம்பாடு), போகாயோக்கே (பிழைத் தடுப்பு), கெம்பா (வேலை நடக்கும் இடம்) என்றெல்லாம் கோவை ஆலைகளிலேயே பேசிக்கொள்கிறீர்கள் அல்லவா? கணக்கில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. நீங்கள் பேசும்போது எதிரில் இருப்பவர் ‘ஹை, ஹை’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ‘ஹை’ என்றால் ‘ஆம்’ என்றுதான் பாடநூல் சொல்லும். ஆனால் அந்த இடத்தில் அது பெரும்பாலும் கதை கேட்கிறவர் கொட்டும் ‘உம்’ மட்டுமே. அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு, நான் ஒருமுறை வாடிக்கையாளர் ஏற்காத திருத்தத்தை ஏற்றுக்கொண்டார் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். அதைச் சரிசெய்ய இரண்டு வாரம் பிடித்தது.

மறுமொழி: வல்லைவெளி

மேலே சகோதரி சொன்னதோடு உடன்படுகிறேன். நான் யாழ்ப்பாணத்தவன், ஒசாக்காவில் வசிக்கிறேன். ‘கொரே, சொரே, அரே’ என்ற மூன்று சுட்டுகளைப் பிரித்தறிய வகுப்பில் பலர் திணறினார்கள். எனக்கு அது ஐந்து நிமிட வேலையாக இருந்தது, ஏனென்றால் எங்கள் ஊரில் இன்றும் இது, உது, அது என்று மூன்றும் வழக்கில் உள்ளன. என்னருகே இருப்பது ‘கொரே’, உங்களருகே இருப்பது ‘சொரே’, இருவருக்கும் தொலைவில் இருப்பது ‘அரே’. தமிழகத்தில் ‘உது’ பேச்சு வழக்கிலிருந்து மறைந்துவிட்டதால், தம்பி, நீங்கள் அதை மனத்தளவில் மீட்டெடுத்துக்கொண்டால் போதும்.

ஆனால் தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்காதீர்கள். குறில் நெடிலும் இரட்டித்த மெய்யும் நமக்கு இயல்பாக வரும். ‘ஒபசான்’ அத்தை, ‘ஒபாசான்’ பாட்டி என்ற வேறுபாட்டில் நாம் தவற மாட்டோம். வல்லின ஒலியில்தான் தவறுகிறோம். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றைக் ககரத்தை நம் நாக்கு தானாகவே மெலிதாக்கிவிடும். நான் வந்த முதல் இலையுதிர்காலத்தில், தக்காளி போலத் தோன்றும் அந்த ஆரஞ்சு நிறப் பழத்தின் பெயரைக் குறிப்பேட்டில் ‘ககி’ என்று எழுதிவைத்து, பழக்கடையில் அதைப் பார்த்தே வாசித்துக் கேட்டேன். கடைக்கார அம்மையார் சற்று யோசித்துவிட்டு, என்னை வெளியே அழைத்துவந்து தெருமுனையைக் காட்டினார். அங்கே இருந்தது சாவி செய்யும் கடை. ககரத்தை மெலிதாகச் சொன்னால் சாவி, அழுத்திச் சொன்னால் பழம். ஹிராகனாவில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

நொய்யல்:

இருவருக்கும் மிக்க நன்றி. ‘சாப்பிட்டுப் பார்க்கிறேன்’ என்ற ஒரு வரியே ஆறு வார வகுப்பைவிட அதிகம் கற்றுத்தந்துவிட்டது. மொழிக்கு வெளியே ஒரு கேள்வி. தைராய்டு குறைபாட்டுக்கு நாள்தோறும் மாத்திரை உட்கொள்கிறேன். மேலும் நான் சைவம். இவற்றுக்கு என்ன ஏற்பாடு செய்துகொள்வது?

மறுமொழி: மாம்பலத்துக்காரி

மருத்துவர் எழுதித்தரும் மருந்தை ஒரு மாதத்துக்குரிய அளவு வரை முன் அனுமதியின்றி எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் வேண்டுமானால் புறப்படுவதற்கு முன்பே இறக்குமதி உறுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மருந்துச்சீட்டில் வேதிப்பெயர் தெளிவாக இருக்கட்டும். நம் ஊர்ச் சளி மாத்திரைகளைப் பழக்கதோஷத்தில் பெட்டியில் போடாதீர்கள்; மூக்கடைப்புக்குச் சேர்க்கும் சூடோஎபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவை அங்கே தடைசெய்யப்பட்டவை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

வசிப்பிட அட்டையை நகோயாவின் சூபு விமான நிலையத்திலேயே தந்துவிடுவார்கள். குடியேறிய 14 நாட்களுக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். இந்தியா–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் முதல் நடைமுறையில் இருப்பதால், வருங்கால வைப்புநிதி அலுவலகத்திலிருந்து அதற்கான சான்றிதழைப் பெற்றுத்தரும்படி உங்கள் நிறுவனத்தை இப்போதே கேளுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் ஓய்வூதியத்துக்குப் பிடித்தம் செய்வார்கள். வீட்டு மின்சாரம் 100 வோல்ட் என்பதால் இங்குள்ள மிக்ஸி பயன்படாது. அமெரிக்காவுக்கென்று விற்கும் 110 வோல்ட் மிக்ஸி சற்று மெதுவாக ஓடும், ஆனால் சட்னி அரைந்துவிடும்.

சைவம் என்பதுதான் இவற்றில் கடினமானது. இறைச்சி இல்லை என்று உண்மையாகவே சொல்லித் தரும் நூடுல்ஸிலும், பருப்பு ரசம் போலத் தோன்றும் மிசோ சூப்பிலும் அடிப்படையாக இருப்பது பெரும்பாலும் உலர்மீனைச் சீவிக் கொதிக்கவைத்த சாறு. அதை அவர்கள் மீன் என்றே கருதுவதில்லை. ஆகவே ‘இறைச்சியும் மீனும் உண்பதில்லை, மீன் சாறும் கூடாது, முட்டையும் பாலும் இன்னவாறு’ என்று உங்கள் வழக்கத்தைத் தெளிவாக ஜப்பானிய மொழியில் ஓர் அட்டையில் உங்கள் ஆசிரியரைக் கொண்டு எழுதி வாங்கி, பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த அட்டையை வந்து எட்டாவது மாதத்தில்தான் எழுதி வாங்கினேன்.