ஹங்கேரியன் யாருக்குப் பங்காளி? துருக்கிக்கா, பின்லாந்துக்கா?

ஸ்டெப்பி_குதிரை:
ஐரோப்பிய மொழிக் குடும்ப வரைபடம் எதை எடுத்தாலும் ஹங்கேரிக்கும் பின்லாந்துக்கும் ஒரே நிறம் அடித்து யூராலிக் (பின்னிஷ் சேர்ந்த மொழிக் குடும்பம்) என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கென்னவோ ஹங்கேரியன் துருக்கிய மொழிதான். நடுவில் போலந்து, லித்துவேனியா, லாத்வியா எல்லாம் கிடக்கின்றன. ஹங்கேரியர் குதிரையில் வந்த கூட்டம், பைசாந்தியர்கள் (கிழக்கு ரோமப் பேரரசினர்) அவர்களைத் துருக்கர் என்றே எழுதினார்கள், புடாபெஸ்ட் நாடாளுமன்றத்தில் வைத்திருக்கும் கிரீடத்தின் கீழ்வளையத்தில்கூட ஹங்கேரிய மன்னன் கேசாவைத் 'துருக்கியாவின் அரசன்' என்றுதான் கிரேக்கத்தில் பொறித்திருக்கிறது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

வேர்_தேடி:
மொழியிலிருந்து சாட்சி வேண்டும் தல. பல்கேரியா என்பது துருக்கிய மொழி பேசிய பல்கர் கூட்டத்தின் பெயர், இன்று அங்கே பேசுவது ஸ்லாவிக். பிராங்குகள் ஜெர்மானியர், அவர்கள் பெயரைச் சுமக்கும் பிரான்ஸ் பேசுவதோ லத்தீன் வழி வந்த மொழி. அடுத்த வீட்டுக்காரன் கூப்பிட்ட பெயரை வைத்தா குடும்பத்தை முடிவு செய்வது?

அப்புறம், பின்னிஷ் நெருங்கிய சொந்தம் என்று யாரும் சொல்லவில்லை. நெருங்கியவை ஹான்ட்டி, மான்சி மொழிகள்தான், யூரல் மலைக்கு அந்தப் பக்கம் ஓப் ஆற்றுப் பகுதியில், மீன்பிடித்தும் கலைமான் மேய்த்தும் வாழ்ந்தவர்கள் பேசுபவை. ஹங்கேரியர் 895 வாக்கில்தான் இன்றைய ஹங்கேரி இருக்கும் கார்பாத்தியப் படுகைக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஸ்டெப்பி_குதிரை:
சரி, விவசாயம், கால்நடை சார்ந்த அத்தனை பழைய துருக்கியச் சொற்கள்? ஒரு சொல்லின் உயிரெழுத்துகள் ஒரே வகையாக அமையும் உயிரெழுத்து ஒத்திசைவு? வேரோடு விகுதிகளை அடுக்கும் ஒட்டுநிலை? ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லாதது? துருக்கிய மொழியில் இருப்பதெல்லாம் அப்படியே இருக்கிறதே.

வேர்_தேடி:
பின்னிஷிலும் அதெல்லாம் அப்படியே இருக்கிறது, அதைக் கவனிக்க மாட்டீர்களா? ஒட்டுநிலை தமிழிலும்தான் உண்டு, திராவிட ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1856-இல் திராவிடத்தைச் 'சித்திய'க் கூட்டத்தோடு (பின்னிஷ், துருக்கி எல்லாம் அதில் அடக்கம்) சேர்க்கப் பார்த்தார், நிற்கவில்லை. சொற்கள் கடன். ஸ்டெப்பிப் புல்வெளியில் துருக்கியரோடு அத்தனை காலம் பழகினால் வராதா? அந்தக் கடன்களில் பழையவை இன்றைய இஸ்தான்புல் துருக்கியைவிட ரஷ்யாவின் வோல்கா கரையில் பேசும் சுவாஷ் என்ற துருக்கிய மொழியின் வகையைத்தான் ஒத்திருக்கின்றன.

உறவைக் காட்டுவது சீரான ஒலி மாற்றம். மீன் பின்னிஷில் கல, ஹங்கேரியனில் ஹல். மூன்று அங்கே கோல்மே, இங்கே ஹாரோம். அங்கே சொல் முதலில் வரும் ககரம் இங்கே ஹகரம், அதுவும் குறிப்பிட்ட உயிர்களுக்கு முன்னால் வரிசையாக. இரவல் வாங்கிய சொற்களில் இந்த ஒழுங்கு கிடைக்காது.

ஓரமா_நிக்கிறவன்:
இந்தச் சண்டை அங்கேயே பழசு. 1769-இல் சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க நார்வேயின் வடகோடி வார்டோவுக்குப் போன யானோஷ் ஷைனோவிச் என்ற பாதிரியார், அங்கே பின்னிஷுக்குச் சொந்தமான சாமி (லாப்லாந்து மக்களின்) மொழியைக் கேட்டு, அதுவும் ஹங்கேரியனும் ஒன்றுதான் என்று 1770-இல் புத்தகமே போட்டார். ஊரில் பலருக்குக் கசந்தது, 'மீன் நாறும் சொந்தம்' என்று கிண்டலடித்தார்கள். ஹன் கூட்டத்துப் பேரரசன் அட்டிலாவின் வாரிசு என்று மார்தட்டிய பிரபுக்களுக்கு மீனவர் உறவு எப்படி இனிக்கும்? பின்னாளில் அறிஞர்கள் வாம்பேரி துருக்கிப் பக்கமும் புடென்ஸ் பின்னிஷ் பக்கமும் நின்று மோதியதற்கு 'உக்ரிய-துருக்கியப் போர்' என்றே பெயர் (ஹங்கேரியன், ஹான்ட்டி, மான்சி சேர்ந்த கிளைதான் உக்ரியம்).

ஸ்டெப்பி_குதிரை:
பார்த்தீர்களா, புடென்ஸ் ஜெர்மானியர்! ஹங்கேரியரை மட்டம்தட்ட வெளியாள் கட்டிய கதை இது என்று அங்கே இன்றும் சொல்கிறவர்கள் உண்டு.

வேர்_தேடி:
அதற்கு நூறு வருடம் முன்பே சொன்ன ஷைனோவிச் ஹங்கேரியர்தானே. ஐரோப்பாவில் துருக்கிய மொழிதான் வேண்டுமென்றால் மால்டோவாவில் ககாவுஸ் இருக்கிறது, வோல்கா பக்கம் தாதார் இருக்கிறது, தாராளமாகக் கொண்டாடுங்கள்.

ஸ்டெப்பி_குதிரை:
ககாவுஸுக்குத் தனி இழை போடுகிறேன், அங்கே வாருங்கள். கிரீடத்துக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.