ஸ்டார் வார்ஸ்: யார்கூடயோ பாத்து, யார்கிட்டயோ பேசி, இன்னும் உறுத்திட்டு இருக்கற அனுபவம் இருந்தா போடுங்க

சாம்பல்அங்கி

நானே ஆரம்பிக்கறேன். அப்பாவுக்கு இந்த மாதிரி படமே ஆகாது, நான் பாத்துட்டு இருந்தா "டியூப்லைட் சண்டையா"ன்னு கேட்டுட்டு போயிடுவாரு. கால் முறிஞ்சு கட்டில்ல கிடந்த மூணு வாரத்துலதான் வேற வழியில்லாம, முதல்ல ரிலீஸான 4, 5, 6 மூணையும் என்கூட பாத்தாரு. கருப்பு முகமூடி வில்லன் டார்த் வேடர்னு பேரைச் சொன்னதும் "வேடனா, கண்ணப்பன் மாதிரியா?"ன்னாரு, அதுலேர்ந்து கடைசி வரைக்கும் அவருக்கு அது வேடன்தான்.

ஆறாவது படத்துல வேடரோட முகமூடியை மகன் லூக் கழட்டற இடம் தெரியும்ல. அப்பா மாவுக்கட்டுக் காலை கீழ இறக்கி வச்சுட்டு முன்னால சாஞ்சு பாக்கறாரு. உள்ள வெளுத்துப் போன ஒரு கெழவரு, ஒரே ஒரு தடவை என் சொந்தக் கண்ணால உன்னைப் பாத்துக்கறேன்னு மகன்கிட்ட கேக்கறாரு. அப்பா மெதுவா "கண்ணப்பனேதான்டா"ன்னாரு. எனக்கு அங்கயே தொண்டை அடைச்சுது.

அப்புறம் ஈவாக்ங்கற குட்டிக் கரடி மாதிரி ஜனங்க ஊர்ல கொண்டாட்டம், மூணு பேரு ஆவியா நிக்கறாங்க. லூக்கோட குருமாருங்க யோடா, ஓபிவான், பக்கத்துல தலைமுடி வளத்த ஒரு இளவட்டம். அப்பா "இது யாரு"ன்னாரு. அனகின்தான்பா, வேடரோட பழைய பேரு, முதல்ல அந்தப் பெரியவர் செபாஸ்டியன் ஷாதான் இருந்தாரு, 2004 டிவிடில தூக்கிட்டு, சின்ன வயசு அனகினா நடிச்ச ஹேடன் கிறிஸ்டென்சனைப் போட்டுட்டாங்கன்னு விளக்கினேன். "லூக் இந்த மூஞ்சியைப் பாத்ததே இல்லையேடா, அப்பன்னு எப்படித் தெரியும்?"

இதுக்காக எத்தனை பேர்கிட்ட எத்தனை சண்டை போட்டிருக்கேன், இந்தக் கேள்விக்கு வாயே வரல. அதோட விட்டிருந்தாக்கூடப் பரவால்ல. ரிமோட்டை வச்சுட்டு, "செத்தது ஒருத்தரு, மாலை போட்ட போட்டோ இன்னொருத்தரோடது"ன்னுட்டு திரும்பிப் படுத்துட்டாரு.

கெஸல்பன்னெண்டு

உங்கப்பாவுக்கு ஒரு கும்பிடு.

என்னோடது 1977 படத்துல வர்ற கான்ட்டீனா சீன், கடத்தல்காரன் ஹானை கிரீடோ சாராயக்கடையில மடக்கற இடம். ரூம்மேட் ஒருத்தன் மாத்தி வெளியிட்ட 97 ஸ்பெஷல் எடிஷன் மட்டும்தான் பாத்தவன், அதுல கிரீடோ முதல்ல சுட்டு குறி தப்புறான், ஹான் அப்புறம்தான் சுடுறான். இவன் சோத்துக்கு நடுவுல ரொம்ப சாதாரணமா "ஹான் தற்காப்புக்குத்தானே சுட்டான்"னு சொல்லிட்டான். என்னால சும்மா இருக்க முடியுமா? 1977ல கிரீடோ சுடவே இல்லைன்னு எழுந்திரிச்சு நின்னேன், லேப்டாப்பை எடுத்து 77, 97, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல சுடற 2004, கிரீடோ 'மக்லங்கி'ன்னு ஏதோ ஒளறிட்டு சாகற 2019னு வரிசையா ஓட்டிக் காட்டினேன். ஒன்றரை மணி நேரம். அவன் ஒரு வார்த்தை பேசல, தட்டுல மோர்சாதம் காஞ்சு போச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு வேலை மாறி வேற ஊருக்குப் போயிட்டான். நான் டூட்டி முடிஞ்சு வந்து பாத்தா அவன் கட்டில்ல என் டிவிடி பெட்டி, மேல மஞ்சள் சீட்டு ஒண்ணு ஒட்டியிருக்கு. "கிரீடோதான் முதல்ல சுட்டான்."

அந்தச் சீட்டை இன்னும் வச்சிருக்கேன். போன் பண்ணணும்னு நெனப்பேன், பண்ணினதில்ல.

ஹோலோக்ரான்

முதல் பதிவருக்கு. உங்கப்பா சொன்னது கேக்க நல்லா இருக்கு, ஆனா தப்பு. கதைப்படி அனகின் சாகும்போது வயசு 45 பக்கம்தான், ஷா நடிக்கும்போதே எழுபதைத் தாண்டிட்டாரு, பொருத்தமே இல்ல. படத்தை உருவாக்கின லூகாஸ் கணக்கு என்னன்னா அனகின் வேடர் ஆன அன்னிக்கே நல்லவன் செத்துட்டான், அதனால திரும்பி வர்ற ஆவி அந்த வயசுலதான் வரும். லூக்குக்கு எப்படித் தெரியும்னா ஃபோர்ஸ்ங்கற சக்தி இருக்கு, உணர்ந்துப்பான், கூடப் பழகின லேயா தன் தங்கச்சின்னே உணர்ந்தவன் அவன்.

என் அனுபவம்: ஆபீஸ் குவிஸ்ல "லூக், ஐ ஆம் யுவர் ஃபாதர்"னு எழுதி பத்து மார்க் போச்சு, படத்துல "நோ, ஐ ஆம் யுவர் ஃபாதர்". அவ்ளோதான்.

இப்ப உங்க உண்மையான பிரச்சனைக்கு வருவோம், காட்டின வரிசையே தப்பு. புதுசா பாக்கறவங்களுக்கு 4, 5 காட்டிட்டு, அப்பன் நான்தான்ங்கற அதிர்ச்சியோட நிறுத்திட்டு, 2, 3 போய் அவன் எப்படிக் கெட்டான்னு காட்டிட்டு, அப்புறம் 6. 1-ஆம் நம்பர் படம் தேவையே இல்ல, ரத்தத்துல ஃபோர்ஸை அளக்கற மிடிகுளோரியன் கணக்கை எல்லாம் கேட்டு அந்த மனுஷன் என்ன பண்ணப் போறாரு. இந்த வரிசையில காட்டியிருந்தா ஹேடன் முகம் அப்பாவுக்கு பழகியிருக்கும், "இது யாரு"ங்கற கேள்வியே வந்திருக்காது. மூணாவது படத்துல ஜெடை வீரர்களைக் கொல்லச் சொல்ற ஆர்டர் 66 சீனுக்கு முன்னாடி டீ குடுத்துடுங்க, நடுவுல எழுந்திரிச்சா போச்சு. குளோன் வார்ஸ் கார்ட்டூன்ல கடைசி நாலு எபிசோடை மூணாவது படத்தோட சேத்துப் பாத்தா அனகினோட சிஷ்யை அசோகா கதையும் புரியும். அப்புறம் மாவுக்கட்டு பிரிச்சதும் பிசியோவுக்குக் கூட்டிட்டுப் போங்க, கணுக்காலா முட்டியான்னு சொல்லல, எதுவா இருந்தாலும் வெந்நீர் ஒத்தடம் மட்டும் போதும்னு விட்டுடாதீங்க.

மாவரைக்கும்யோடா

அண்ணே, அவரு வைத்தியம் கேக்கல.

ராத்திரிரெண்டுமணி

பையனுக்கு நாலு வயசுலேர்ந்து வீசிங். நெபுலைசர் மாஸ்க்கை மூஞ்சிகிட்ட கொண்டு போனாலே வீடு ரெண்டாகும். ஒரு ராத்திரி முடியாம "நீதான்டா இப்ப வேடர், மூச்சு விட்டுக் காட்டு"ன்னேன். அழுகை நின்னுது. மாஸ்க்குக்குள்ளேர்ந்து ஹ்ஹூஊ... ஹ்ஹாஆ... நான் வேற, அந்தச் சத்தமே முக்குளிக்கறவங்க மாட்டற கருவிக்குள்ள மைக்கை வச்சு சவுண்ட் டிசைனர் பென் பர்ட் எடுத்ததுதான்னு, நாலு வயசுப் பிள்ளைகிட்ட கதை சொல்றேன். அதுக்கப்புறம் மருந்து வைக்கறது பெரிய பாடா இல்ல.

போன மாசம் ஆறு வயசு முடிஞ்சுது, படத்தையே காட்டிடலாம்னு உக்கார வச்சேன். அஞ்சாவது படமான எம்பயர்ல அந்தக் கருப்பு உருண்டைக்குள்ள வேடர் உக்காந்திருக்க, பின்னந்தலை முழுக்க தழும்பு, மேலேர்ந்து ஹெல்மெட் இறங்கும்ல. இவன் என் கையைப் புடிச்சுட்டு கேக்கறான், "அவருக்கும் வீசிங்காப்பா? எப்ப கழட்டுவாங்க?"

அடுத்த படத்துலன்னேன்.

"கழட்டினா சரியாயிடுமா?"

நேரமாச்சு, பல் தேச்சுட்டு படுன்னு சொல்லிட்டேன். அடுத்த படம் இன்னும் போடல, தினம் கேக்கறான்.

ஒத்தச்சூரியன்

வேலை விஷயமா டூனீசியா போனப்ப லீவு போட்டு மட்மாட்டா போனேன். தரையில பெரிய குழி வெட்டி, அதோட சுவத்துல குடைஞ்ச ரூமுங்க, அமாசிக் மக்களோட பழைய வீடு. இப்ப ஹோட்டல் சிடி டிரிஸ். லூக்கு ஓவன் மாமாகிட்ட அகாடமிக்குப் போறேன்னு கேட்டு, இன்னும் ஒரு அறுவடை இருன்னு மாமா தட்டிக் கழிக்கற சாப்பாட்டு ரூம் அங்கதான், கூரையில படத்துக்கு வரைஞ்ச கோலம்கூட இருக்கு. அதுக்கு கீழ உக்காந்து முட்டையும் ரொட்டியும் தின்னேன், கை நடுங்குச்சு, சிரிக்காதீங்க.

தின்னுட்டு படியேறி மேல ஓடினேன். படத்துல லூக் அப்படித்தானே வருவான், வெள்ளைக் குடில், அடிவானம், ரெண்டு சூரியன், பின்னால ஜான் வில்லியம்ஸ் இசை. மேல வந்தா ரோடு, ஒரு வேன், காயப்போட்ட போர்வை. அந்த வெளிப்பக்கத்தை எடுத்தது இங்க இல்ல, ஷாட் எல் ஜெரிட் உப்புச் சமவெளியில, மேற்க மணிக்கணக்கா போகணும். எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், ஆனா கால் மறந்துடுச்சு.

சுவரோரம் ஒரு பெரியவர் உக்காந்திருந்தாரு. என் மூஞ்சியைப் பாத்தாரு, மேல பாத்தாரு, ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாரு. ஒண்ணுதான் இருக்குன்னு.

மாவரைக்கும்யோடா

ஒத்தச்சூரியன் 😂😂

ஹோலோக்ரான் அண்ணே, கெட்டுப் போறதுக்கு முந்தின வயசுலதான் ஆவி வரும்னா பக்கத்துல ஓபிவான் ஏன் வயசான நடிகர் அலெக் கின்னஸாவே நிக்கறாரு, அவரு கெடலைங்கறதால முழு வயசும் குடுத்தாங்கன்னு வச்சுக்கறேன். அப்ப திருந்தின அனகின், மகனைக் காப்பாத்திட்டு செத்த அந்த அனகின் கணக்குல வரமாட்டாரா? கெட்டதுக்கு முந்தின மூஞ்சிதான் நல்ல மூஞ்சின்னா அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம் எதுக்கு?

என் கதை சின்னது. 1-ஆம் நம்பர் படத்துச் சண்டைக்கு வர்ற டூயல் ஆஃப் த ஃபேட்ஸ் இசையில கோரஸ் சமஸ்கிருதம்னு தெரிஞ்ச அன்னிக்கு பெருமை தாங்காம மேல் வீட்டு சாஸ்திரிகள் மாமாகிட்ட ஹெட்போன் மாட்டி விட்டேன். மாமா கண்ணை மூடிட்டு முழுசா கேட்டாரு. கழட்டிக் குடுத்துட்டு "எந்த ஊர் சமஸ்கிருதம்டா இது"ன்னாரு. ஒரு பழைய வெல்ஷ் பாட்டை இங்கிலீஷ்லேர்ந்து சமஸ்கிருதத்துக்கு மாத்தி, வில்லியம்ஸ் அதுலயும் சத்தத்துக்காக வார்த்தையைப் பொறுக்கிப் போட்டதுன்னு அப்புறமாத்தான் படிச்சேன். மாமாகிட்ட போய்ச் சொல்ல வெக்கமா இருந்துது.

முதல் பதிவருக்கு ஒண்ணு, 2006ல வந்த டிவிடில கூடுதல் டிஸ்க்ல 1983 படம் மாத்தாம இருக்கு. பழைய டிவிடி விக்கறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

சாம்பல்அங்கி

மாவரைக்கும்யோடா சொன்ன டிஸ்க்கு தெரிஞ்சவர்கிட்ட கிடைச்சுது, நேத்து ராத்திரி அப்பாவுக்கு கடைசிப் பகுதியை மட்டும் போட்டேன். (ஹோலோக்ரான், கணுக்கால். கட்டு பிரிச்சாச்சு, பிசியோ போறாரு, நன்றி.)

முகமூடி கழட்டற சீன் வந்ததும் நிறுத்தச் சொன்னாரு. கண்ணாடியை மாட்டிட்டு டிவி கிட்ட நொண்டிட்டே போயி, "இதுல இவருக்கு புருவம் இருக்கே"ன்னாரு. அன்னிக்குப் பாத்ததுல இல்லையாம். நான் இதை கவனிச்சதே இல்ல. தேடிப் பாத்தா நெசம்தான், மூணாவது படத்துல தீயில கருகறதுக்கு ஒத்து வரணும்னு 2004ல ஷாவோட புருவத்தையும் அழிச்சிருக்காங்க. அந்த மனுஷன் 1994லயே போயிட்டாரு.

அப்புறம் ஈவாக் ஊரு வந்துது. பெரியவர் அங்கி போட்டுட்டு சிரிச்சுட்டு நிக்கறாரு. அப்பா கட்டில்ல போய் உக்காந்து, "ம், இப்ப ஓட்டு"ன்னாரு.